நோய் போனாலும் கிளினிக் கொப்பி போகக் கூடாது

ஊவாவில் இருக்கும் சகோதரிகளுக்குத் தலசீமியா என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் இந்த இரத்த நோய் அதிகமாகக் காணப்படும் பகுதிகள் என்று குருநாகல், அநுராதபுரம் ஆகியவற்றோடு பதுளையையும் வைத்தியர்கள் சொல்வார்கள். ஊவா மாகாண மக்கள் இந்நோயின் சிகிச்சை பற்றியும் தடுப்பு பற்றியும் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்த கட்டுரையொன்று 2006இல் சர்வதேச மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. எல்லவிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரத்தம் ஏற்றப் பதுளைக்குப் போகும் உம்மாமாரைப் பஸ்ஸில் கண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

இந்த நோயிலிருந்து முழுமையாக மீள்வதற்குப் பல காலமாக உள்ள வழி ஒன்றுதான். சுகதேகியான ஒருவரின், பெரும்பாலும் கூடப்பிறந்த ஒருவரின், எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை எடுத்து நோயாளிக்குச் செலுத்துவது. 1981ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தலசீமியா நோயுள்ள ஒரு குழந்தைக்கு இது முதன்முதலாகச் செய்யப்பட்டது. இந்தச் சிகிச்சையை வளர்த்தெடுத்த டொக்டர் டொனால் தோமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்குப் பக்கத்தில் வேலூர் சீ.எம்.சீ. ஆஸ்பத்திரியில் 1986 முதல் இது நடைபெறுகிறது. இலங்கையிலிருந்து கடன்பட்டும் காணி விற்றும் அங்கே போய் வந்த குடும்பங்கள் உண்டு. பிறகு கொழும்பிலும் இச்சிகிச்சை ஆரம்பமாகியது. தலசீமியாவுக்கு மட்டுமல்ல, இரத்தப் புற்றுநோய்க்கும் எலும்பு மஜ்ஜை வற்றிப்போகும் நோய்க்கும் இதே சிகிச்சை செய்யப்படுகிறது.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வருகிறது. இரத்தம் ஏற்றும் வேலை நிற்கிறது. முகத்தில் இரத்த ஓட்டம் தெரிகிறது. பள்ளிக்கூடம் போகிறது. “அல்ஹம்துலில்லாஹ், இனி ஒன்றுமில்லை” என்று உம்மா டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறாள். இந்த மாதம் நாம் பேசப்போவது அந்தப் பையைப் பற்றித்தான். அதைத் திரும்பக் கீழே எடுக்க வேண்டிய காரணம் ஒன்று நம் கழுத்தில் இருக்கிறது.

கழுத்தில் ஒரு சிறு சுரப்பி

தொண்டைக் குழிக்குச் சற்று மேலே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒட்டியிருப்பது தைரொயிட் சுரப்பி. வளர்ந்தவர்களுக்கு அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். அது சுரக்கும் தைரொக்சின் என்ற ஓமோன்தான் உடம்பின் அடுப்பு எவ்வளவு எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இருதயம் அடிக்கும் வேகம், உடம்புச் சூடு, குடலின் அசைவு, பிள்ளையின் உயரம், மூளையின் சுறுசுறுப்பு, பெண்களின் மாதவிலக்கு எல்லாவற்றிலும் இதற்குப் பங்குண்டு.

ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பிறகு இந்தச் சுரப்பி கெட்டுப்போகச் சந்தர்ப்பம் அதிகம். காரணங்கள் பல.

முதலாவது, சிகிச்சைக்கு முன் கொடுக்கும் ஆயத்த மருந்து. புதிய செல்கள் குடியேறுவதற்குப் பழைய மஜ்ஜையை முழுவதும் அழிக்க வேண்டும். இதற்கு புசல்பான் போன்ற கடும் மருந்துகள் கொடுக்கப்படும். இரத்தப் புற்றுநோயாளர்களில் பலருக்கு உடம்பு முழுவதற்கும் கதிர்வீச்சும் கொடுக்கப்படும். மஜ்ஜையை அழிக்கும் இவை தைரொயிட் சுரப்பியையும் காயப்படுத்துகின்றன. இவற்றுள் கதிர்வீச்சின் பாதிப்பே பெரியது.

இரண்டாவது, கொடுத்தவரின் எதிர்ப்புச் செல்கள். புதிதாக வந்த செல்கள், தாம் வந்து சேர்ந்த உடம்பையே அந்நியமென்று நினைத்துத் தாக்குவதுண்டு. அந்தத் தாக்குதல் நீண்டகாலம் நீடித்தவர்களுக்குத் தைரொயிட் குறைபாடு வரும் வாய்ப்புக் கூடுகிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. மஜ்ஜை கொடுத்த ராத்தாவுக்கோ நானாவுக்கோ சொந்த எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்கும் நோய் இருந்தால், அந்தச் செல்களோடு அந்த நோயும் தம்பி தங்கையிடம் போய்ச் சேரலாம். ஆகவே கொடுத்தவருக்குப் பிற்காலத்தில் தைரொயிட் நோய் கண்டால், பெற்றுக்கொண்டவரின் வைத்தியரிடமும் அதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது காரணம் தலசீமியாப் பிள்ளைகளுக்கே உரியது. வருடக்கணக்காக இரத்தம் ஏற்றியதால் உடம்பில் இரும்புச் சத்து தேங்கிப் போயிருக்கும். அது ஈரலிலும் இருதயத்திலும் படிவதுபோலத் தைரொயிட்டிலும் படியும். மூளையின் அடியிலிருந்து தைரொயிட்டுக்குக் கட்டளை அனுப்பும் பிட்யூட்டரிச் சுரப்பியிலும் படியும். மாற்றுச் சிகிச்சை இரத்தத்தைத் திருத்திவிடும். ஏற்கனவே படிந்த இரும்பை அன்றே அகற்றிவிடாது. அதனால்தான் சிகிச்சை முடிந்த பிறகும் இரும்பை இறக்க மருந்து கொடுக்கிறார்கள், அல்லது இடைக்கிடை இரத்தம் எடுக்கிறார்கள். “இரத்தம் ஏற்றிய பிள்ளையிடம் இப்போது இரத்தம் எடுக்கிறார்களே” என்று பயந்து அந்தச் சிகிச்சையை இடையில் விட்டுவிடாதீர்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது?

சிறு வயதில் மாற்றுச் சிகிச்சை பெற்ற 791 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த சியாட்டில் வைத்தியர்கள் 2009இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்குத் தைரொயிட்டில் ஏதோவொரு கோளாறு ஏற்பட்டிருந்தது. பெரும்பாலானது ஓமோன் குறைபாடு. பத்து வயதுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களுக்கே ஆபத்து அதிகம். கதிர்வீச்சுப் பெற்றவர்களோடு புசல்பான் மருந்து பெற்றவர்களுக்கும் வந்திருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது காலம். சிலருக்கு ஓரிரு வருடத்தில் வருகிறது. சிலருக்குப் பத்து, இருபது வருடம் கடந்து வருகிறது. ஏழு வயதில் சிகிச்சை பெற்ற பிள்ளைக்கு ஏ.எல். படிக்கும்போது வரலாம், கலியாணம் முடித்துக் கைக்குழந்தையோடு இருக்கும்போதும் வரலாம். அப்போது அவளைப் பார்க்கும் வைத்தியருக்குச் சின்ன வயதுக் கதை தெரிந்திருக்காது. புகுந்த வீட்டாருக்கும் தெரிந்திருக்காது.

மலைநாட்டில் மறைந்து போகும் அடையாளங்கள்

தைரொக்சின் குறைந்தால் உடம்பு குளிரைத் தாங்காது. தோல் வறளும். முடி கொட்டும். மலச்சிக்கல் வரும். சாப்பாடு குறைந்தாலும் உடம்பு போடும். சதா சோர்வும் தூக்கமும் மறதியும் இருக்கும். குரல் கனக்கும். மாதவிலக்கு அதிகமாகப் போகும், அல்லது முறை தவறும். பிள்ளைகளாயின் உயரம் நின்றுவிடும், பருவமடைவது பிந்தும், படிப்பு மந்தமாகும்.

எல்லப் பக்கம் வாழும் நமக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மார்கழி மாதத்து மூடுபனியில் யாருக்குத்தான் குளிரவில்லை? காற்றடிக்கும் மலைச்சரிவில் யாருடைய தோல்தான் வறளவில்லை? மேட்டில் ஏறி இறங்கி யார்தான் களைக்கவில்லை? அடையாளங்கள் எல்லாம் ஊர்ச் சுவாத்தியத்துக்குள் ஒளிந்து கொள்கின்றன. ஆகையால் பிள்ளையை ஊரோடு ஒப்பிடாமல் வீட்டோடு ஒப்பிடுங்கள். நடுப்பகல் வெயிலில் தங்கச்சிமார் சுவெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு விளையாடும்போது இவள் மட்டும் போர்த்திக்கொண்டு இருக்கிறாளா? போன வருடம் தைத்த பள்ளிக்கூடச் சட்டை இந்த வருடமும் நீளம் காணாமல் சரியாகவே இருக்கிறதா? முன்பு கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தவள் இப்போது கொப்பியின் முன் தூங்கி விழுகிறாளா?

“செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம், நோயாளி என்று வளர்த்ததால் சோம்பேறியாகிவிட்டாள்” என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை இரத்தம் பரிசோதியுங்கள். ஓமோன் குறைபாட்டால் வரும் சோர்வு ஏச்சாலும் அடியாலும் போகாது.

சிலருக்கு இதற்கு மாறாகச் சுரப்பி அதிகமாக வேலை செய்வதும் உண்டு. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவார்கள். இதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

உப்பினால் தீருமா?

நம் பகுதியில் கழுத்துக் கழலை பழைய விடயம். மண்ணிலும் நீரிலும் அயடின் குறைவாக இருந்ததே அதற்கு முக்கிய காரணம். இதற்காகவே 1995இல் இலங்கையில் உணவு உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. இதனால் தைரொயிட் என்றதும் “அயடின் உப்பைக் கொஞ்சம் கூடப் போடு” என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அயடின் என்பது சுரப்பிக்கு மூலப்பொருள். மூலப்பொருள் இல்லாமல் நின்ற ஆலைக்கு அதைக் கொடுத்தால் ஆலை ஓடும். இயந்திரமே பழுதான ஆலைக்கு மூட்டை மூட்டையாகக் கொடுத்தும் பயனில்லை. மாற்றுச் சிகிச்சைக்குப் பின் வருவது இரண்டாவது வகை. சமையலுக்கு வழக்கமான அயடின் உப்பே போதும். கூடுதல் உப்பு இரத்த அழுத்தத்தைத்தான் கூட்டும். கடையில் விற்கும் அயடின் மருந்துகளையும் கடற்பாசிக் குளிசைகளையும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

என்ன பரிசோதனை?

கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்தால் போதும். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி-4 என்ற இரண்டும் பார்க்கப்படும். டி.எஸ்.எச். என்பது பிட்யூட்டரி கொடுக்கும் கட்டளை. தைரொயிட் வேலை குறையக் குறைய அந்தக் கட்டளை உரத்துக் கேட்கும், அதாவது டி.எஸ்.எச். கூடும். ஆனால் இரும்புப் படிவாலோ கதிர்வீச்சாலோ பிட்யூட்டரியே பாதிக்கப்பட்டிருந்தால் கட்டளை எழும்பாது. டி.எஸ்.எச். சரியாக இருப்பதுபோல் காட்டும். ஓமோன் மட்டும் குறைந்திருக்கும். ஆகவே இவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதாது. இரண்டையும் பார்க்கும்படி கேளுங்கள்.

மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களை நீண்டகாலம் கவனிப்பது எப்படி என்று சர்வதேச வைத்திய அமைப்புகள் பல கூடி 2012இல் வெளியிட்ட வழிகாட்டல், தைரொயிட் பரிசோதனையை வருடத்துக்கு ஒரு முறை ஆயுள் முழுவதும் செய்யச் சொல்கிறது. இதற்காக வேலூருக்குப் போக வேண்டியதில்லை, கொழும்புக்கும் போக வேண்டியதில்லை. பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களிலேயே செய்துகொண்டு, முடிவைச் சிகிச்சை செய்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். மறக்காமலிருக்க ஒரு வழி: ஒவ்வொரு வருடமும் பிள்ளையின் சிகிச்சை நடந்த மாதத்தில் செய்யுங்கள். அந்த மாதத்தை எந்த உம்மாவும் மறக்கமாட்டாள்.

டி.எஸ்.எச். சற்றே கூடியிருந்தால் பயந்துவிட வேண்டாம். சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். சிலருக்குத் தானாகவே சரியாவதுண்டு.

வருடந்தோறும் வைத்தியர் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். ஐரோப்பாவில் மாற்றுச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 69,000 பேரின் விபரங்களைப் பார்த்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. அவர்களில் 32 பேருக்குத் தைரொயிட் புற்றுநோய் வந்திருந்தது. இது மிகச் சிறு தொகைதான். ஆயினும் சாதாரண மக்களுக்கு வருவதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். சிறு வயதில் கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்கும் பெண்களுக்கும் வாய்ப்புக் கூடுதல். தைரொயிட் புற்றுநோய்களில் பெரும்பாலானவை நேரத்தோடு கண்டால் நன்றாகக் குணமாகக் கூடியவை. கழுத்தில் கட்டி தென்பட்டால் நாட்டு மருந்து பூசிக் காலம் கடத்தாமல் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

குளிசையும் தேத்தண்ணீரும்

குறைபாடு உறுதியானால் சிகிச்சை எளிது. உடம்பு சுரக்காத தைரொக்சினைக் குளிசையாகத் தினமும் ஒரு வேளை எடுப்பது. இது நஞ்சு மருந்தல்ல, பழக்கமாகிவிடும் மருந்துமல்ல. உடம்பில் இருக்க வேண்டிய பொருளே. ஆனால் எடுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும்.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு எடுக்க வேண்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறொன்றும் வேண்டாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இதுதான் பெரிய சோதனை. கண் விழித்ததும் பிளேன்டீ குடித்தால்தான் பொழுது விடியும். முதலில் குளிசை, சுபஹ் தொழுது வீட்டு வேலையைத் தொடங்கிய பிறகு தேத்தண்ணீர் என்று வழக்கத்தை மாற்றிக் கொள்ளுங்கள்.

இரும்புச் சத்துக் குளிசையும் கல்சியக் குளிசையும் தைரொக்சினை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சோயாவும் தடுக்கும். திரிபோஷாவில் சோயா சேர்ந்திருக்கிறது; சோயாமீட் கறியும் அப்படியே. இவற்றைச் சாப்பிடலாம், குளிசை எடுத்த வேளையோடு சேர்க்க வேண்டாம்.

ஒரு நாள் மறந்தால் ஆபத்தில்லை, மறுநாள் முதல் ஒழுங்காக எடுங்கள். அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகே இரத்தத்தில் சரியான முடிவு தெரியும். உடம்பு தேறிவிட்டதென்று நிறுத்தாதீர்கள். தேறியது குளிசையால்தான். பனி ஈரம் படும் ஜன்னலோரத்திலோ அடுப்படியிலோ குளிசையை வைக்க வேண்டாம்.

நோன்பு நாட்களில் ஸஹர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எழுந்து எடுக்கலாம். அது முடியாதவர்கள் இரவுச் சாப்பாடு முடித்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகுமுன் எடுக்கலாம். நோன்புக் கஞ்சியோடு சேர்த்து விழுங்குவது சரியல்ல. தைரொக்சின் மட்டும் எடுப்பவர்களில் பெரும்பாலோர் நோன்பு பிடிக்க முடியும். வேறு மருந்துகளும் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைப் பெற்றுக்கொள்வதில் குறையொன்றுமில்லை.

கலியாணப் பேச்சு வரும்போது

பல வீடுகளில் கிளினிக் கொப்பி மறைக்கப்படுவது இந்த இடத்தில்தான். “சின்ன வயதில் வருத்தமிருந்தது என்று சொன்னால் யார் எடுப்பார்கள்?” என்று உம்மா பயப்படுகிறாள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறதென்று நமக்குத் தெரியும். ஆனால் மறைத்தால் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். மகள் குளிசையை மாமிக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்து எடுப்பாள். பிறகு விட்டுவிடுவாள். வருடாந்தப் பரிசோதனைக்குப் போகக் காரணம் சொல்ல முடியாது. மாதவிலக்குத் தவறும்போதும் பிள்ளை தங்காமல் போகும்போதும் பழி அவள் மேல் விழும். தைரொக்சின் குறைபாட்டாலும் இவையெல்லாம் வரும். அந்தப் பங்கையாவது குளிசையால் திருத்தலாம் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

கர்ப்பம் தரித்தால் இது இன்னும் பெரிய காரியம். முதல் மூன்று மாதங்களில் கருவிலுள்ள குழந்தை தாயின் தைரொக்சினையே பெரிதும் நம்பியிருக்கிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும். அப்போது தாய்க்கு வழமையைவிடக் கூடிய அளவு தேவைப்படும். ஆகவே நாள் தள்ளிப்போனதாகத் தெரிந்தவுடனேயே வைத்தியரிடம் போக வேண்டும். மிட்வைஃப் தரும் இரும்புக் குளிசையைப் பற்றியும் கேட்க வேண்டும். தலசீமியாவிலிருந்து மீண்ட பெண்ணின் உடம்பில் இரும்பு ஏற்கனவே கூடுதலாக இருக்கலாம்.

இன்னொன்று: மாற்றுச் சிகிச்சை இரத்தத்தை மாற்றுகிறதே தவிரப் பரம்பரையை மாற்றுவதில்லை. தலசீமியாவிலிருந்து மீண்டவரின் கரு முட்டையிலும் விந்திலும் அந்தப் பரம்பரைக் குறை அப்படியே இருக்கும். எனவே கலியாணம் முடிக்கப் போகிறவர் தலசீமியாவைக் காவுபவரா என்று இரத்தம் பார்ப்பது கட்டாயம். மாமி மகன், மாமா மகள் என்று சொந்தத்துக்குள் முடிப்பதாக இருந்தால் இன்னும் அவசியம். இந்த உண்மையைச் சொல்லாமல் நிக்காஹ் செய்து வைத்து, பிறக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மீண்டும் பதுளை பஸ்ஸில் ஏறுவதா?

சொல்லும் விதத்தில் சொன்னால் நல்ல மனிதர்கள் விளங்கிக் கொள்வார்கள். “பிள்ளைக்கு ஒரு பெரிய நோய் இருந்தது. சிகிச்சை செய்து குணமாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை இரத்தம் பார்க்க வேண்டும், காலையில் ஒரு குளிசை எடுக்க வேண்டும்” என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சம்மதிக்கும் வீடுதான், அவளுக்குத் தலைவலி வந்தாலும் பார்த்துக்கொள்ளும் வீடு.

ஆகவே சகோதரிகளே, அலுமாரியின் மேல்தட்டிலுள்ள பையை இறக்குங்கள். எந்த வயதில், எந்த ஆஸ்பத்திரியில், எந்த மருந்து கொடுத்துச் சிகிச்சை நடந்தது, கதிர்வீச்சுக் கொடுத்தார்களா, மஜ்ஜை கொடுத்தவர் யார் என்ற விபரங்களை ஒரு தாளில் எழுதி, டயக்னோசிஸ் கார்டின் போட்டோ பிரதியோடு பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். வளர்ந்த பிள்ளைக்குத் தன் கதை தெரிந்திருக்க வேண்டும். கலியாணமாகிப் போகும் மகளின் பெட்டியில் நகையோடும் உடுப்போடும் அந்தக் கொப்பியும் இருக்கட்டும்.